ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்: படம் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை

பினாங்கில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய படங்களைத் திரையிட்டு வருகிறோம். மற்றப் படங்களுக்கு இல்லாத அளவுக்கு இந்த ஒரு படத்துக்கு மட்டும் சந்தேகங்கள் குவிகின்றன. படம் முடிந்து தே தாரிக்கைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பிலும் தொடரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அண்ணே, இது என்ன படம்? எந்த ஊர்ப் படம்?

1928-இல் வெளியான பிரெஞ்சு மௌனப்படம். கறுப்பு வெள்ளை. இயக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியடோர் டிரையர். ஜோனாக நடித்தவர் பாரிஸ் நாடக நடிகை ஃபால்கொனெட்டி. ஒரு இளம்பெண்ணைச் சமயக் குற்றவாளி என்று விசாரித்து, மிரட்டி, கடைசியில் எரித்துக் கொன்றதைச் சொல்கிறது. போர்க்களம், குதிரை, அரண்மனை எதுவும் கிடையாது.

ஜோன் யாருன்னே எனக்குத் தெரியாது. கதை தெரியாம உட்காரலாமா?

உட்காரலாம். ஆனால் நாலு வரி தெரிந்திருந்தால் நல்லது. ஜோன், பிரான்சின் தோம்ரெமி என்ற கிராமத்துப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பல தலைமுறைகளாகப் போர் நடந்த காலம். கடவுளின் தூதர்களும் புனிதர்களும் தன்னோடு பேசுவதாகச் சொல்லி இளவரசரிடம் போனாள். 1429-இல் ஓர்லியான் நகரின் முற்றுகை விலகியதில் அவளுக்குப் பெரிய பங்கு. இளவரசர் மன்னராக முடிசூடினார். அடுத்த ஆண்டே ஜோன் எதிரிகளிடம் சிக்கினாள். ஆங்கிலேயர் அவளை விலை கொடுத்து வாங்கி, ரூவான் நகரில் சமய நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார்கள். 1431 மே 30 அன்று எரித்தார்கள். வயது சுமார் 19.

படம் விசாரணையையும் மரணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் நடந்ததை ஒரே நாளில் நடந்ததுபோல் சுருக்கியிருக்கிறார் டிரையர். அதனால்தான் பார்க்கிற நமக்கும் மூச்சு விட இடமில்லை.

பேச்சே இல்லையாமே. தூக்கம் வராதா?

முதல் பத்து நிமிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு தூங்கினவரை நான் பார்த்ததில்லை. ஓட்டும் வேகத்தைப் பொறுத்து 80-லிருந்து 100 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். எங்கள் திரையிடலில் ஒருவர் ஓரமாக நின்று அவற்றைத் தமிழில் வாசிப்பார், நாடகம்போல் குரலை ஏற்றாமல், சாதாரணமாக. மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் இப்படி ஆள் வைத்து வாசித்திருக்கிறார்கள். வீட்டில் பார்ப்பவர்கள் பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் சொல்லலாம்.

ஏன் எல்லாமே முகமா இருக்கு? இடத்தைக் காட்டவே மாட்டேங்கிறாரே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. டிரையர் இந்தப் படத்துக்காக ஒரு கோட்டையையே கட்டவைத்தார். தயாரிப்பாளர்களின் பணம் நிறைய அதற்குப் போனது. ஆனால் படத்தில் அதை முழுதாகப் பார்க்கவே முடியாது. அங்கங்கே ஒரு வெள்ளைச் சுவர், ஒரு வளைவு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் முகங்கள். நடிகர்களுக்கு ஒப்பனையே கிடையாது. ஒளிப்பதிவாளர் ரூடால்ஃப் மாட்டே பயன்படுத்திய பிலிம் எல்லா நிறங்களையும் சரியான சாம்பல் அளவில் பதியக்கூடியது. அதனால் தோலின் சுருக்கம், மரு, உதட்டு வெடிப்பு, வேர்வை எல்லாம் அப்படியே தெரிகிறது. ஒரு குருவானவர் கத்தும்போது எச்சில் தெறிப்பதுகூடத் தெரியும்.

இதை ஒரு காட்சியில் கவனியுங்கள். வயது என்ன என்று கேட்கிறார்கள். ஜோன் உடனே பதில் சொல்வதில்லை. விரல்விட்டு எண்ணுகிறாள். பிறகு, "பத்தொன்பது... என்று நினைக்கிறேன்" என்கிறாள். அடுத்து, கர்த்தர் கற்பித்த செபத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். "அம்மா" என்று சொல்லும்போது கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. தன் வயதே சரியாகத் தெரியாத பிள்ளையைச் சுற்றி இறையியல் படித்த பெரியவர்கள் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. இடத்தைக் காட்டினால் நாம் வேடிக்கை பார்ப்போம். முகத்தைக் காட்டினால் நாம் யாராவது ஒருவரின் பக்கம் நின்றாக வேண்டும்.

அந்த நடிகை நிஜமாவே அழறாங்களா? டைரக்டர் கொடுமைப்படுத்தினாருன்னு சொல்றாங்களே?

தலைமுடியை வெட்டுவது நிஜம். ஃபால்கொனெட்டியின் சொந்த முடிதான் அது. கதை போகும் வரிசையிலேயே படமாக்கியதால் அவர் களைத்துக்கொண்டே போவதும் நிஜமான களைப்புதான். டிரையர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். எடுத்ததை நடிகையோடு உட்கார்ந்து பார்த்து, எந்தத் துளி சரியாக வந்தது என்று தேடுவார். மற்றபடி கல்தரையில் மண்டியிட வைத்தார், அது செய்தார், இது செய்தார் என்று சுற்றும் கதைகளை நான் திரையிடலில் சொல்வதில்லை. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் இயக்குநரையே தேடிக்கொண்டிருப்போம். ஜோனைப் பார்க்க மாட்டோம். நடிகையின் திறமையும் அடிபட்டுப்போகும்.

அதுவரை மேடையில் இலகுவான நகைச்சுவை நாடகங்களில் பெயர் எடுத்தவர் அவர். சினிமாவில் இதற்குமுன் செய்தது மிகக் கொஞ்சம். இதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. 1946-இல் அர்ஜென்டினாவில் இறந்தார்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் வரலாம். பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலில் விழுந்த ஜோனின் கையைக் கீறி இரத்தம் வடிப்பதை நேராகவே காட்டுகிறார்கள்; அக்காலத்து வைத்தியம் அது. சித்திரவதைக் கூடத்தில் ஆணிச்சக்கரம் சுற்றுகிறது. எரிக்கிற காட்சி நீளமானது, எதையும் மறைக்காதது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எந்தக் காப்பியைப் பார்க்கணும்? இணையத்தில் பல விதமா இருக்கே.

இந்தப் படத்தின் பிரதிகளுக்கு நேர்ந்ததே ஒரு தனிக்கதை. 1928 டிசம்பரில் பெர்லினில் நடந்த தீ விபத்தில் மூல நெகட்டிவ் எரிந்துபோனது. டிரையர் மனம் தளராமல், முன்பு ஒதுக்கிவைத்திருந்த வேறு எடுப்புகளைக் கோத்து இரண்டாவது படம் ஒன்றை உண்டாக்கினார். அடுத்த ஆண்டே அதற்கும் தீ. பிறகு பல பத்தாண்டுகள் வெட்டுப்பட்ட, தேய்ந்த பிரதிகள்தான் உலகம் முழுக்க ஓடின. 1952-இல் லோ துக்கா என்பவர் இசை சேர்த்து ஒரு பதிப்பை வெளியிட்டார். டிரையருக்கு அது பிடிக்கவில்லை. அவர் 1968-இல் காலமானார். 1981-இல், நார்வேயின் ஓஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் சில பிலிம் டப்பாக்கள் கிடைத்தன. டேனிஷ் மொழி எழுத்து அட்டைகளோடு, மூல நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி! யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பது இன்றும் புதிர்.

ஆகவே அந்த ஓஸ்லோ பிரதியிலிருந்து சீரமைத்ததைத் தேடுங்கள். முகத்தின் தோல் துல்லியமாகத் தெரிந்தால் அது சரியான பிரதி. மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தால் மூடிவிட்டு வேறு தேடுங்கள். முகத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அந்தத் துல்லியம் இருந்தால்தான் பிடிபடும்.

பின்னணி இசை எது நல்லது?

டிரையர் இதுதான் என்று நிலையாக வைத்துவிட்டுப் போன இசை எதுவும் இல்லை. 1994-இல் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் இந்தப் படத்தை மனத்தில் வைத்து எழுதிய கூட்டுப்பாடல் இசை பலருக்கும் பிடிக்கும். கோயிலில் கூட்டுப்பாடலில் பழகியவர்கள் அதில் கரைந்துவிடுவார்கள். என் விருப்பம் வேறு: முதல் முறை இசையே இல்லாமல் பாருங்கள். மண்டபத்து மின்விசிறிச் சத்தம் போதும்.

நாங்க கத்தோலிக்கக் குடும்பம். ஆயர், குருக்கள் எல்லாரையும் கெட்டவங்களா காட்டுறாங்களே. இது திருச்சபைக்கு எதிரான படமா?

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிற ஒரு அக்கா இதைக் கலங்கிப்போய்க் கேட்டார். நியாயமான கேள்வி, நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஜோனைக் குற்றவாளி என்றது ஆயர் கோஷோன் தலைமையிலான சமய நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று 1456-இல் அறிவித்ததும் திருத்தந்தையின் அனுமதியோடு கூடிய சமய நீதிமன்றம்தான். 1920-இல் அவளைப் புனிதராக உயர்த்தியதும் திருச்சபைதான். படம் வந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து. ஆக, படம் சொல்வதைத் திருச்சபையே முன்னால் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் பாரிஸ் பேராயர் தரப்பு எதிர்ப்பால் காட்சிகள் வெட்டப்பட்டன. பிரிட்டனில் படத்துக்குத் தடையே வந்தது. அவர்களுக்கு உறுத்தியது ஆங்கிலப் படைவீரர்களைக் காட்டிய விதம்.

இன்னொன்று, நீதிபதிகள் எல்லாரும் ஒரே அச்சு அல்லர். ஒரு முதிய துறவி எழுந்துவந்து ஜோனின் காலடியில் மண்டியிட்டு, எனக்கு இவள் ஒரு புனிதை என்கிறார். அவரை வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். மாசியூ என்ற இளம் குரு கடைசிவரை அவளோடு இருக்கிறார். அவராக நடித்தவர் பின்னாளில் நாடகச் சிந்தனையாளராகப் பெரும்பெயர் பெற்ற அந்தோனின் ஆர்த்தோ. கோஷோனுக்கேகூட கடைசியில் கண் கலங்குகிறது. கடவுளை நம்புகிறவர்கள்தான் கடவுளை நம்புகிற இன்னொருத்தியை வதைக்கிறார்கள். படத்தின் வலியே அதில்தான் இருக்கிறது. நம்பிக்கையில்லாத கொடுங்கோலன் ஒருவனை எதிரியாக வைத்திருந்தால் நாம் நிம்மதியாக அவனை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"நீ அருள்நிலையில் இருக்கிறாயா"ன்னு கேட்கும்போது எல்லாரும் ஏன் அப்படிப் பதறுறாங்க?

அது பொறி வைத்த கேள்வி. ஆம் என்றால் மாட்டினாள்: தான் கடவுளின் அருளில் இருப்பதை எந்த மனிதரும் உறுதியாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது திருச்சபையின் போதனை, ஆணவம் என்று பிடிப்பார்கள். இல்லை என்றாலும் மாட்டினாள்: பாவி என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஜோன் சொல்கிறாள்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே என்னை வைத்திருப்பாராக." வசனகர்த்தா எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். 1431-இல் எழுதிவைத்த விசாரணைப் பதிவில் உள்ள பதில் இது. படத்தின் முதல் காட்சியில் ஒரு கை பழைய ஏட்டைப் புரட்டுகிறதே, அந்தப் பதிவைத்தான் காட்டுகிறார்கள். தூதர் மிக்கேலுக்குத் தலைமுடி இருந்ததா என்று நையாண்டியாகக் கேட்டதற்கு, ஏன் அதை வெட்டியிருக்க வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்பதும் அங்கே உள்ளதுதான்.

கையெழுத்துப் போட்டுட்டாளே! பயந்து போட்டவ எப்படிப் புனிதர் ஆவா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இந்தப் படத்தை நான் விடாமல் திரையிடுவதற்கும் இந்தக் காட்சிதான் காரணம்.

உடல் நலிந்து, எரிக்கப் போகிறோம் என்ற மிரட்டலின் முன்னால், ஜோன் தன் நம்பிக்கையை மறுக்கும் தாளில் குறி இடுகிறாள். அவள் கையைப் பிடித்து நடத்துகிறார்கள். உயிர் பிழைத்தது, ஆயுள் சிறை. சிறையில் தலையைச் சிரைக்கிறார்கள். வீரர்கள் கேலிக்காக அவள் தலையில் வைத்த வைக்கோல் கிரீடம் ஒன்று உண்டு. தரையில் விழுந்த கூந்தலோடு அதையும் சேர்த்துப் பெருக்குகிறார்கள். அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளியே வித்தைக்காரர்கள் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுகிறார்கள். சட்டென்று, நீதிபதிகளைக் கூப்பிடுங்கள் என்கிறாள். உயிருக்குப் பயந்து கடவுளை மறுத்துவிட்டேன் என்று சொல்லி, போட்டதைத் திரும்பப் பெறுகிறாள். என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பயமே இல்லாதவளாக அவளைக் காட்டியிருந்தால், நாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்போம். பயந்தவள், தோற்றவள், தோற்ற பிறகு எழுந்தவள் என்று காட்டியதால்தான் கூட நிற்க முடிகிறது. பேதுருவும் சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தவர்தானே என்று ஒரு பெரியவர் எங்கள் கூட்டத்தில் சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை.

நாங்க சைவம். இந்தப் படத்தில எங்களுக்கு என்ன இருக்கு?

அப்பர் கதை தெரிந்தவர்களுக்கு நிறைய இருக்கிறது. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தான் என்கிறது பெரியபுராணம். நீற்றறைக்குள் இருந்து "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாடினார். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்றவரும் அவரே. அரசதிகாரத்தின் முன் தலை குனியாத அந்தக் குரலுக்குப் பழகிய காது, ஜோனின் பதில்களை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

வேறுபாடு பெரியது. அப்பருக்கு ஒவ்வொரு தடவையும் காப்பு வந்தது. நீற்றறை குளிர்ந்தது, கல் மிதந்தது. ஜோனுக்குத் தீ தீயாகவே இருந்தது. காப்பு வராதபோது நம்பிக்கை என்னவாகும் என்பதை இந்தப் படம் கண் கொட்டாமல் பார்க்கிறது. தேவசகாயம் பிள்ளையை அறிந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இது புதிதல்ல: 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022-இல் புனிதரானவர்.

அப்போ மதத்தின் பேரால வதைக்கிறது மத்தவங்க பக்கம்தானா? நம்ம பக்கம் இல்லையா?

ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். சிலருக்கு முகம் சுளித்தது. கேட்டது சரிதான். மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றியதாக அதே பெரியபுராணம் சொல்கிறது. கோயில் சுவரோவியங்களிலும் அது இடம்பெற்றது. உண்மையில் அப்படி நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வெற்றியின் அடையாளமாக அதைச் சொல்லி வந்திருக்கிறோம். கத்தோலிக்க அக்காவுக்குச் சொன்ன பதில் நமக்கும் பொருந்தும்.

வீரர்கள் தலையில இருக்கிறது முதல் உலகப்போர் ஹெல்மெட் மாதிரி இருக்கே. தப்பு விட்டுட்டாங்களா?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அகன்ற விளிம்புள்ள இரும்புத் தொப்பி இடைக்காலத்திலும் இருந்தது. பிரிட்டிஷ் படையின் உலகப்போர்த் தொப்பியும் ஏறக்குறைய அதே வடிவம். போர் முடிந்து பத்தே ஆண்டுகள் ஆன நேரத்தில் படம் பார்த்தவர்களுக்கு அந்த ஒற்றுமை பட்டிருக்காமல் இராது. டிரையர் அறிந்தே விட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

கடைசியில மக்கள் கலவரம் பண்றது நிஜமா நடந்ததா?

கலவரம் டிரையர் சேர்த்தது. ஒரு புனிதையை எரித்துவிட்டோம் என்று அன்றே சிலர் கலங்கியதாகப் பிற்காலச் சாட்சியங்களில் வருகிறது. அந்தக் கலக்கத்தைப் படம் கலகமாக வளர்த்திருக்கிறது. என்னைக் கேட்டால் கலவரத்துக்குச் சற்று முன் வருவதைத்தான் பார்க்கச் சொல்வேன். கம்பத்தில் கட்டும்போது கயிறு நழுவிக் கீழே விழுகிறது. ஜோன் குனிந்து அதை எடுத்துத் தண்டனையை நிறைவேற்றுகிறவனிடம் கொடுக்கிறாள். அவ்வளவு சிறிய செயல், யாரும் வசனம் பேசுவதில்லை. இரண்டாம் தடவை பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் கவனிக்கிறார்கள்.

அவளுக்குக் கேட்ட குரல்கள் நிஜமா? படம் என்ன சொல்லுது?

படம் அந்தக் குரல்களை ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. ஒளி இறங்குவதில்லை, தூதர் தோன்றுவதில்லை. சிறையில் சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் சிலுவையாக விழுகிறது. அவள் முகம் மலர்கிறது. அது அடையாளமா, வெறும் சன்னலா என்று டிரையர் சொல்வதில்லை. ஒருவருக்கு ஜோன் கடவுளைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பவருக்குப் பசியும் காய்ச்சலும் வாட்டுகிற ஒரு பெண்பிள்ளை. இரண்டு பேரும் எங்கள் மண்டபத்தில் வந்து வாதாடியிருக்கிறார்கள். நான் நம்புகிறவர்கள் பக்கம். ஆனால் நம்பாதவர்களும் கடைசிவரை எழுந்து போகாமல் பார்க்கும்படி டிரையர் எடுத்திருக்கிறார். அதனால் குரல் நிஜமா என்று கேட்பவர்களிடம், விசாரணைக் காட்சியை இன்னொரு முறை போடட்டுமா என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் சரி என்பார்கள்.